ஓவர் கணக்கைப் பந்துக் கணக்காக்கிய கதை: சர்வதேச கிரிக்கெட் வரலாற்றுக்கு ஒரு டேஷ்போர்டு

டெஸ்ட் கிரிக்கெட்டில் ரன் சேர்க்கும் வேகம் 1877 முதல் இன்றுவரை எப்படி ஏறி இறங்கியிருக்கிறது என்று ஒரே கோட்டில் காட்டும் வரைபடம் ஒருவழியாகச் சரியாக வந்துவிட்டது. இதற்கு முந்தைய வடிவத்தில் 1936-37-ல் ஆஸ்திரேலியாவின் கோடு சட்டென்று மேலே போகும். 1979-80-ல் அதேபோல் கீழே விழும். பார்க்கிறவர்களுக்கு உடனே அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கு ரன் குவித்த பிராட்மன் ஞாபகம் வரும். சரி, அவர் காலத்தில் அப்படித்தான் அடித்திருப்பார்கள் என்று தோன்றும். அந்த மேட்டுக்கும் பிராட்மனுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஆண்டுகள் முழுக்க ஆஸ்திரேலியாவில் ஓர் ஓவருக்கு எட்டுப் பந்து போட்டார்கள். ஓவருக்கு இத்தனை ரன் என்று வகுத்தால் கோடு ஏறாமல் என்ன செய்யும்?

இந்த ஒரு கோட்டைச் சரிசெய்யப் போய்த்தான் மொத்த டேஷ்போர்டையும், அதாவது இந்த வரைபடப் பக்கங்களின் தொகுப்பையும், வேறு மாதிரி கட்ட வேண்டியதாயிற்று. கிரிக்கெட் வரலாற்றில் ஓவர், மைதானம், அணி, முடிவு என எல்லாவற்றின் பொருளும் காலத்தோடு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த மாற்றங்களைத் தேதியோடு பிடித்துவைக்கும் சின்னச் சின்ன அட்டவணைகள்தான் இந்த வேலையின் எலும்பு. வரைபடம் வரைவது கடைசியில் வந்த சுலபமான பகுதி. இதே மாதிரி எதையாவது கட்ட நினைப்பவர்களுக்கு உதவும் என்று செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கையில் இருந்தது 8 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினி, உபுண்டு இயங்குதளம், பைதான் கணினி மொழி. செலவு என்று பார்த்தால் டொமைன் பெயருக்கு ஆண்டுக்கு 900 ரூபாய் சொச்சம், கோவை உக்கடம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய இரண்டு கிரிக்கெட் ஆண்டு மலர்களுக்கு 300 ரூபாய். மற்ற மென்பொருள் எல்லாமே இலவசம்.

தரவு இரண்டு அடுக்கு

பந்துக்குப் பந்து விவரம் வேண்டுமென்றால் கிரிக்‌ஷீட் என்ற தரவுத் தளம் போல இன்னொன்று இல்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு ஜேசன் (JSON) வடிவத் தரவுக் கோப்பு; உள்ளே ஆட்ட விவரம், அதன்பின் இன்னிங்ஸ், ஓவர், பந்து என்று அடுக்கடுக்காக இருக்கும். யார் போட்டார், யார் அடித்தார், எத்தனை ரன், உதிரி ரன் எந்த வகை, விக்கெட் எப்படி விழுந்தது எல்லாம் உண்டு. ஆனால் அதன் ஆழம் 2000-களின் தொடக்கம் வரைதான். அதற்கு முந்தைய காலத்துக்கு இன்னிங்ஸ் மொத்தம், வீரர் வாரியான ஸ்கோர்கார்டு இவை மட்டும் கொண்ட பொதுத் தரவுத் தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டேன். சந்தேகம் வந்த இடங்களை ஆண்டு மலர்களோடு ஒப்பிட்டேன்.

இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுக் குழப்பக் கூடாது. டெண்டுல்கர் முதல் டெஸ்ட் ஆடியது 1989-ல், முரளிதரன் 1992-ல். பந்து அடுக்கை மட்டும் வைத்து அதிக ரன், அதிக விக்கெட் என்று பட்டியல் போட்டால் இருவரின் பாதி வாழ்க்கை காணாமல் போயிருக்கும்; 2005-க்குப் பின் வந்தவர்கள் எல்லாம் மேலே நிற்பார்கள். வரைபடம் பார்க்க அழகாகவும் இருக்கும், அதுதான் ஆபத்து. அதனால் ஒவ்வொரு வரைபடத்தின் தலைப்புக்கு அடியிலும் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டேன். பந்து அடுக்கு தொடங்காத ஆண்டுகள் சாம்பல் நிறப் பட்டையாகத் தெரியும்.

ஜேசனை நேராக டக்டிபி (DuckDB) என்ற தரவுத்தள மென்பொருளுக்குள் இழுக்கப் பார்த்தபோது அது திணறியது. கோப்புக்குள் வீரர் பெயரே சாவியாகவும் அவருடைய அடையாள எண் மதிப்பாகவும் ஒரு பகுதி இருக்கிறது. ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒன்றாகப் படிக்கச் சொன்னால் ஒவ்வொரு வீரர் பெயரும் அட்டவணையில் தனி நிரலாகிவிடும் போல ஆகிவிட்டது. அதை விட்டுவிட்டு, பைதானில் சாதாரணச் சுற்று ஒன்று எழுதி, ஒரு பந்துக்கு ஒரு வரிசை என்று தட்டையாக்கி பார்க்கே (Parquet) என்ற சுருக்கமான வடிவக் கோப்பாகச் சேமித்தேன். பல நூறு எம்பி ஜேசன், முப்பது எம்பிக்குள் அடங்கியது. அதன்பின் டக்டிபி எந்தக் கேள்விக்கும் ஓரிரு நொடியில் பதில் சொன்னது. இந்த மடிக்கணினிக்கு அது போதும்.

பந்தை எண்ணும்போது கவனிக்க வேண்டியவை நிறைய. அணியின் ரன் வேகத்துக்கு வைடும் நோபாலும் நீங்கலான முறையான பந்துகளை மட்டும் எண்ண வேண்டும், அப்போதுதான் ஸ்கோர்கார்டில் உள்ள ஓவரோடு ஒத்துப்போகும். பேட்ஸ்மேன் சந்தித்த பந்துக்கோ நோபால் சேரும், வைடு சேராது. பந்துவீச்சாளர் கொடுத்த ரன்னில், மட்டையில் படாமல் ஓடி எடுக்கும் பை, லெக்பை வராது. வைடும் நோபாலும் வரும். அதுவும் இப்போதைய வழக்கம். 1980-களின் நடுப்பகுதிக்கு முந்தைய ஸ்கோர்கார்டுகளில் அவற்றைப் பந்துவீச்சாளர் கணக்கில் எழுதவில்லை. ஆக ஒரே ஆட்டத்துக்கு மூன்று கணக்கு. நிரல்களுக்குப் பெயர் வைக்கும்போதே மூன்றையும் பிரித்து வைத்ததால் பிறகு தலைவலி வரவில்லை. அப்புறம், நடுவர் தப்பாக எண்ணி ஐந்து பந்திலோ ஏழு பந்திலோ முடித்துவிட்ட ஓவர்களும் உண்டு. அதனால் பந்து எண்ணை ஆறால் வகுத்து ஓவரைக் கண்டுபிடிக்காமல், கோப்பில் உள்ள ஓவர் எண்ணையே நம்ப வேண்டும்.

ஓவருக்கு எத்தனை பந்து?

இனி அந்த மேட்டுக்கு வருகிறேன். ஸ்கோர்கார்டில் 169.3 என்று இருந்தால் அது தசம எண் இல்லை என்பது கிரிக்கெட் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். கணினிக்குத் தெரியாது. அதை எழுத்தாகவே படித்து, புள்ளிக்கு இடப்பக்கம் முழு ஓவர், வலப்பக்கம் மீதிப் பந்து என்று பிரிக்க வேண்டும். பிரித்தபின் இடப்பக்கத்தை எதால் பெருக்குவது என்பதுதான் கேள்வி.

1877 மார்ச் 15-ல் மெல்போர்னில் தொடங்கிய முதல் டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் முதல் இன்னிங்ஸ் 245 ரன், 169.3 ஓவர். அப்போது ஓவருக்கு நான்கு பந்து. ஆக 679 பந்து. 100 பந்துக்கு 36 ரன். இன்றைய ஆறு பந்து ஓவரில் சொன்னால் 2.16. அப்படியே 245-ஐ 169.3-ஆல் வகுத்தால் 1.45 என்று வரும். முதல் டெஸ்ட் ஆடியவர்கள் மட்டையை வைத்துக்கொண்டு தூங்கினார்கள் என்று அந்த எண் சொல்லும். அவர்கள் அவ்வளவு மெதுவாக ஆடவில்லை.

முதல் ஒருநாள் ஆட்டத்தில் தலைகீழ். 1971 ஜனவரி 5, அதே மெல்போர்ன், ஆளுக்கு 40 ஓவர். இங்கிலாந்து 39.4 ஓவரில் 190-க்கு ஆட்டமிழந்தது, ஆஸ்திரேலியா 34.6 ஓவரில் 191 எடுத்து ஐந்து விக்கெட்டில் வென்றது. 34.6 என்ற எண்ணே இது ஆறு பந்து ஓவர் இல்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். எட்டுப் பந்து ஓவர் 40 என்றால் 320 பந்து, இன்றைய 50 ஓவரைவிட 20 பந்து கூடுதல். நேராக வகுத்தால் ஆஸ்திரேலியாவின் வேகம் 5.52, சரியாகக் கணக்கிட்டால் 278 பந்தில் 191, அதாவது ஆறு பந்துக்கு 4.12. இங்கிலாந்துக்கு 4.82 என்பது 3.61 ஆகிறது. 1971-ல் ஓவருக்கு ஐந்தரை ரன் அடித்தார்கள் என்று ஒரு வரைபடம் காட்டினால், 1980-களில் ஆட்டம் பின்னோக்கிப் போனதாக அல்லவா படிப்பவர் நினைப்பார்?

அதனால் நாடு, தொடங்கும் பருவம், முடியும் பருவம், ஓவருக்குப் பந்து என்று நான்கு நிரல் கொண்ட ஓர் அட்டவணை செய்தேன். இங்கிலாந்தில் 1888 வரை நான்கு, 1889 முதல் 1899 வரை ஐந்து, 1900 முதல் ஆறு, நடுவே 1939-ல் மட்டும் எட்டு. ஆஸ்திரேலியா இன்னும் குழப்பம்: தொடக்கத்தில் நான்கு, 1891-92 முதல் ஆறு, 1924-25-ல் எட்டு, 1928-29-ல் மறுபடி ஆறு, 1936-37 முதல் 1978-79 வரை எட்டு. தென்னாப்பிரிக்காவில் 1938-39 முதல் 1957-58 வரை எட்டு. நியூசிலாந்தில் 1968-69 முதல் 1978-79 வரை எட்டு. பாகிஸ்தானில் 1974-75 முதல் 1977-78 வரை எட்டு. இந்தியாவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் எப்போதும் ஆறுதான். 1979-80 முதல் உலகம் முழுக்க ஆறு. இருபது வரிகூட இல்லாத அட்டவணை இது. மொத்த டேஷ்போர்டிலும் அதிகம் உழைத்துச் சரிபார்த்தது இதைத்தான். ஒரு வரி தப்பினால் நாற்பது ஆண்டுக் கோடு தப்பிவிடும்.

இதை இணைத்து, அச்சில் 100 பந்துக்கு ரன் என்று போட்டதும் 1936 மேடு மறைந்தது. அதன் பிறகு கோட்டில் மிஞ்சிய ஏற்றத்தாழ்வுகளைப் பற்றித்தான் உண்மையில் பேச முடியும்: 1950-களின் பள்ளம், 2000-களில் ஆஸ்திரேலியா வேகத்தைக் கூட்டியது, 2022-லிருந்து இங்கிலாந்தின் கோடு தனியாகப் பிரிந்து மேலே போவது.

வெற்றி, டிரா, டை

வெற்றியின் இடைவெளியைக் காட்டும் பக்கத்தில் முதல் ஓட்டத்திலேயே விநோதமான ஒன்று கண்ணில் பட்டது. மிக நெருக்கமான டெஸ்ட் வெற்றிகளின் பட்டியலில் 1952 பிப்ரவரி, சென்னை, இந்தியா-இங்கிலாந்து. அது இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. சேப்பாக்கத்தில் வினு மன்கட் 55 ரன்னுக்கு 8 விக்கெட்டும் 53-க்கு 4 விக்கெட்டும் எடுத்த ஆட்டம். நெருக்கமே இல்லாத ஒருதலை வெற்றி. முடிவுப் பகுதியில் இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசம் என்றிருந்ததில், எண்ணைப் பிடிக்கும் வரி வெறும் 8 ரன்னை மட்டும் பிடித்திருந்தது. இன்னிங்ஸ் வெற்றிக்குத் தனி நிரல் கொடுத்தபின் பட்டியலின் உச்சியில் இருக்க வேண்டியவை வந்து நின்றன: 1993 ஜனவரியில் அடிலெய்டில் ஆஸ்திரேலியாவை மேற்கிந்தியத் தீவுகளும், 2023 பிப்ரவரியில் வெலிங்டனில் இங்கிலாந்தை நியூசிலாந்தும் ஒரே ரன்னில் வென்ற ஆட்டங்கள். இதில் நியூசிலாந்து ஃபாலோ ஆன் ஆடி, அதாவது முதல் இன்னிங்ஸில் வெகுவாகப் பின்தங்கியதால் உடனே மறுபடி ஆட வைக்கப்பட்டு, வென்றது.

நேரம் தீர்ந்து யாரும் வெல்லாமல் போவது டிரா, ஆடி முடித்தும் இரு அணியின் ரன்னும் சமமாக நிற்பது டை; இரண்டும் வேறு வேறு என்பதைச் சொல்லவே தேவையில்லை. ஆனால் வெற்றியாளர் நிரல் காலியாக இருந்தால் டிரா என்று கணினி எழுதிவிட்டால் 1960 பிரிஸ்பேனும் 1986 சென்னையும் கரைந்துபோகும். ஆண்கள் டெஸ்ட் வரலாற்றில் இருப்பதே இந்த இரண்டு டைதான். அதில் ஒன்று சேப்பாக்கத்தில், டீன் ஜோன்ஸ் வெயிலில் வதங்கி 210 அடித்த ஆட்டம். அது டிராக்களோடு ஒன்றாகக் கலந்துகிடப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. எனவே முடிவுக்கு வெற்றி, டிரா, டை, முடிவில்லை என நான்கு நிலை வைத்தேன். 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு அதுவும் போதவில்லை. 241-க்கு 241, சமனை முறிக்க ஆளுக்கு ஓர் ஓவர் ஆடும் சூப்பர் ஓவரிலும் 15-க்கு 15, பவுண்டரி எண்ணிக்கையில் இங்கிலாந்துக்குக் கோப்பை. ஆட்ட முடிவு டை, கோப்பை இங்கிலாந்துக்கு என்று இரண்டு நிரல்களில் எழுதிவைத்திருக்கிறேன். சூப்பர் ஓவரும் கோப்பில் ஓர் இன்னிங்ஸாகவே வரும். அதை விலக்காவிட்டால் ஓவருக்கு 15 ரன் என்று சராசரியைக் கெடுத்துவிடும்.

2006-ல் ஓவல் மைதானத்தில் பாகிஸ்தான் ஆட வராமல் இங்கிலாந்துக்கு வெற்றி வழங்கப்பட்ட டெஸ்டின் முடிவு 2008-ல் டிரா என்று மாற்றப்பட்டது. 2009-ல் மறுபடி இங்கிலாந்து வெற்றி என்றானது. தரவு எந்த ஆண்டு எடுத்தது என்பதைப் பொறுத்து முடிவே மாறும். ஒவ்வொரு கோப்பும் எப்போது இறக்கப்பட்டது என்ற தேதியை அதோடு சேர்த்து வைப்பது இதற்குத்தான்.

ஊரும் அணியும்

சென்னை என்று ஒரே புள்ளி வைத்தால் போதாது. 1934-ல் முதல் டெஸ்ட் நடந்தது சேப்பாக்கத்தில். 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்டுகள் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், இன்றைய நேரு ஸ்டேடியத்தில் நடந்தன. மன்கட்டும் பங்கஜ் ராயும் 1956-ல் நியூசிலாந்துக்கு எதிராகத் தொடக்க விக்கெட்டுக்கு 413 சேர்த்தது அங்கேதான், சேப்பாக்கத்தில் இல்லை. ஊர் நிரலில் மெட்ராஸ், சென்னை என இரண்டு எழுத்துக் கோவை, மைதான நிரலில் ஒரே சேப்பாக்கத்துக்கு ஊர்ப் பெயரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. தில்லியில் பெரோஸ் ஷா கோட்லா 2019-லிருந்து அருண் ஜேட்லி ஸ்டேடியம். எல்லா மைதானத்துக்கும் நானே ஓர் எண் கொடுத்து, பழைய பெயர், புதிய பெயர் எல்லாம் அந்த எண்ணைச் சுட்டும்படி செய்தேன்.

சொந்த மண் வெற்றி விகிதம் கணக்கிடும்போது மைதானத்தின் நாடும் அணியின் நாடும் ஒன்றா என்று பார்ப்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். டாக்காவில் அது உடைகிறது. பாகிஸ்தான் தன் மண்ணில் ஆடிய முதல் டெஸ்ட், 1955 ஜனவரியில் இந்தியாவுக்கு எதிராக, டாக்காவில் நடந்தது. இன்றைய வரைபடத்தை வைத்துப் பார்த்தால் அது பங்களாதேஷில் நடந்த நடுநிலை ஆட்டம் ஆகிவிடும். 2009-ல் லாகூரில் இலங்கை அணி மீது நடந்த தாக்குதலுக்குப் பின் பல ஆண்டுகள் பாகிஸ்தானின் சொந்த டெஸ்டுகள் துபாய், அபுதாபி, ஷார்ஜாவில் நடந்தன. ஆகவே போட்டியை நடத்திய அணி என்று தனி நிரல் வைத்து, நாட்டை அதில் கலக்கவில்லை.

நாடுகளுக்கு நிறம் தீட்டும் உலக வரைபடம் ஒன்று முதலில் இருந்தது. மேற்கிந்தியத் தீவுகள் ஒரு நாடு இல்லை. கயானா தென்னமெரிக்க நிலப்பரப்பில் இருக்கிறது. அயர்லாந்து அணியில் வட அயர்லாந்தும் சேரும். இங்கிலாந்தின் சொந்த டெஸ்ட் வேல்ஸின் கார்டிஃபிலும் நடந்திருக்கிறது. நிறம் தீட்டுவதைக் கைவிட்டு மைதானங்களைப் புள்ளிகளாக வைத்தேன். பார்க்கவும் அதுவே தெளிவாக இருக்கிறது.

முரளிதரனுக்கு 795 விக்கெட் என்று காட்டியது இன்னொரு சுவாரசியம். தரவு சரியாகவே இருந்தது. வீரர், அணி இரண்டையும் வைத்துக் கூட்டியதால் வந்த எண் அது. மீதி ஐந்து விக்கெட் 2005 அக்டோபரில் சிட்னியில் சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசியின் உலக அணிக்காக எடுத்தவை. இலங்கைக்கு 795, மொத்தம் 800. வீரர் பக்கத்தில் இரண்டையும் காட்டுகிறேன். அதே காரணத்தால் அப்துல் ஹபீஸ் கர்தார் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும், கெப்ளர் வெசல்ஸ் ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் ஆடியது ஒரே பக்கத்தில் இரண்டு நிறத்தில் தெரிகிறது. பெயரை வைத்து இணைக்கக் கூடாது என்பதற்கு முகமது நவாஸ் ஒரு பெயரே போதும், ஒரே பெயரில் பலர். கிரிக்‌ஷீட் தரும் எட்டு எழுத்து அடையாளம்தான் சாவி.

சராசரிக்கு ஸ்கோர்களைக் கூட்டி இன்னிங்ஸால் வகுத்தால் பிராட்மன் 87.45 ஆகிவிடுவார். 6996 ரன், 80 இன்னிங்ஸ், 10 முறை நாட் அவுட். 70-ஆல் வகுத்தால்தான் 99.94. காயத்தால் வெளியேறினால் நாட் அவுட் கணக்கு. முதல் டெஸ்டில் சார்லஸ் பேனர்மேன் 165-ல் அப்படித்தான் போனார். அணியின் 245-ல் 67 சதவீதத்துக்கு மேல் அவருடையது, அந்த விகிதத்தை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. 2001-ல் கொழும்பில் பங்களாதேஷுக்கு எதிராக அட்டபட்டுவும் ஜயவர்தனவும் காயமில்லாமல் தாங்களாக வெளியேறினார்கள், அது அவுட்.

இப்படித் தெரிந்த எண்களையெல்லாம் ஒரு சோதனைக் கோப்பில் போட்டுவைத்தேன். பிராட்மன் 6996, 1956 ஓல்ட் டிராஃபோர்டில் ஜிம் லேக்கருக்கு 19 விக்கெட், 1955 ஆக்லாந்தில் நியூசிலாந்தின் 26, முரளிக்கு 800, ஆண்கள் டெஸ்டில் டை இரண்டு. ஒன்று பிசகினாலும் புதிய பதிப்பு வெளியே போகாது. மூன்றாவது டை நடந்தால் அந்தச் சோதனை உடையும். அப்படியொரு ஆட்டம் வந்தால் சந்தோஷமாகத் திருத்துவேன்.

வரைந்த விதம்

முதலில் எடுத்தது, பைதானிலேயே வலைப்பக்கம் கட்டும் ஸ்ட்ரீம்லிட்டும் வரைபடம் வரையும் ப்ளாட்லியும். ஒரே நாளில் திரையில் ஏதாவது வந்துவிடும், அதற்கு இது அருமை. ஆனால் ஒவ்வொரு தேர்வுக்கும் முழுப் பைதான் நிரலையும் மேலிருந்து மறுபடி ஓட்டுவது அதன் இயல்பு. தற்காலிகச் சேமிப்பு வைத்தும், கைப்பேசியில் ஓர் அணியைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் இலவச சர்வர் தூங்கிவிடும். முதலில் வருபவர் அது எழும்வரை வெற்றுத் திரையைப் பார்க்க வேண்டும். யோசித்தால், வரலாறு நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டுச் சிறிய ஜேசன் கோப்புகளாக்கி, நிலையான வலைப்பக்கத்தில், பிரவுசரிலேயே வரையும் அப்சர்வபிள் ப்ளாட் வைத்து வரைந்துவிட்டேன். மொத்தம் 600 கேபிக்குள் வந்தது. சர்வரும் வேண்டாம், செலவும் இல்லை.

தமிழ் எழுத்துக்குத் தனி வேலை இருந்தது. பகிர்வதற்கான படங்களைப் பைதானின் வரைபடக் கருவியான மேட்ப்ளாட்லிப்பில் செய்தபோது, நான் வைத்திருந்த பதிப்பில் டெஸ்ட் என்ற சொல்லின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துருவை மாற்றியும் பலனில்லை. எழுத்தைக் கோர்க்கும் வேலையே அங்கு நடக்கவில்லை. பிரவுசரில் வரைந்தால் இந்தச் சிக்கல் வராது. அதனால் படங்களையும் பிரவுசரைத் தானாக இயக்கும் பிளேரைட் மூலம் குரோமியம் பிரவுசரில் திறந்து எடுக்கிறேன். அந்தக் கணினியில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு நிறுவியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும். அணிப் பெயர்களை அகர வரிசையில் அடுக்க கணினி எழுத்துகளுக்குத் தரும் யூனிகோடு எண் வரிசையை நம்ப முடியாது, அதில் ‘ந’வுக்கு அடுத்தே ‘ன’ வந்துவிடும். பிரவுசரின் தமிழ் வரிசை ஒப்பீட்டைப் பயன்படுத்த வேண்டும். மேற்கிந்தியத் தீவுகள், தென்னாப்பிரிக்கா போன்ற பெயர்கள் கைப்பேசித் திரையில் பாதியை விழுங்கிவிடும். நிற விளக்கப் பெட்டியை எடுத்துவிட்டு, பத்திரிகைகள் போல மே.இ.தீவுகள் என்று சுருக்கிக் கோட்டின் முனையிலேயே எழுதினேன். சிவப்பு, பச்சை சேர்க்கையைத் தவிர்த்து நீலமும் ஆரஞ்சும் வைத்தது, நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் பார்க்க வேண்டும் என்பதற்காக.

கிளப் ஆட்டங்களுக்குப் பல வருடம் ஸ்கோர் எழுதிய மாமாவிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "மாப்ள, நூறு பந்துக்கு முப்பத்தாறுங்கறது ஓவருக்கு எவ்வளவுடா? மனசுல ஓடமாட்டேங்குது" என்றார். "ரெண்டே கால் கிட்ட வரும், மாமா." "அதையே பக்கத்துல போட்டுரு. ஓவர்னு சொன்னாத்தான் எங்களுக்கு விளங்கும்." அவர் சொன்னதுதான் சரி. இடப்பக்க அச்சில் 100 பந்து, வலப்பக்க அச்சில் ஆறு பந்து ஓவர். கணக்கு பந்தில் நடக்கிறது, படிப்பவர் பழகிய அளவில் படித்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பக்கம் ஒருநாள் ஆட்டத்தின் வெப்ப வரைபடம். கிடையில் ஆண்டு, நெடுக்கில் 1 முதல் 50 வரை ஓவர், நிறத்தில் ரன் வேகம். முதல் இன்னிங்ஸை மட்டும் எடுத்தேன், துரத்தும் அணி 38-ஆவது ஓவரில் வென்றுவிட்டால் கடைசி ஓவர்கள் இருக்காது. மழையால் இலக்கை மாற்றிக் கணக்கிடும் டக்வொர்த்-லூயிஸ் முறையில் முடிந்த ஆட்டங்களை விலக்கினேன். 30 இன்னிங்ஸுக்குக் குறைவான கட்டங்கள் கோடு போட்ட கட்டமாகத் தெரியும். விதி மாறிய இடங்களில் மெல்லிய செங்குத்துக் கோடு: 2005 ஜூலையில் சில ஓவர்களுக்குக் களத்தடுப்பைக் கட்டுப்படுத்தும் பவர்ப்ளே, 2011 அக்டோபரில் இரு முனைக்கும் தனித்தனிப் புதுப் பந்து, 2012 அக்டோபரில் உள்வட்டத்துக்கு வெளியே நான்கு தடுப்பாளர்கள்தான் என்ற கட்டுப்பாடு, 2015 ஜூலையில் கடைசிப் பத்து ஓவருக்கு ஐந்து பேர். அந்தக் கோடுகளைப் போட்டபின் மேல்பகுதி அடர்ந்துகொண்டே போவதைப் பார்த்தால் விளையாட்டு எங்கே திரும்பியது என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் 1996-ல் இலங்கை தொடக்கத்திலேயே அடித்து ஆடி முதல் 15 ஓவரின் பொருளையே மாற்றியது இந்தப் படத்தில் இல்லை; பந்து அடுக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒருநாள் கிரிக்கெட்டின் முக்கியமான திருப்பம் சாம்பல் பட்டைக்குள் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய குறைதான். அங்கே ஒரு குறிப்பு மட்டும் எழுதியிருக்கிறேன்.

அடுத்த முறை தொடங்கினால் சோதனைக் கோப்பையும் பந்து, மைதானம், நடத்திய அணி ஆகிய மூன்று அட்டவணைகளையும் முதலில் எழுதுவேன், வரைபடத்தைக் கடைசியில் தொடுவேன். கைப்பேசித் திரையில் வரைந்துவிட்டு அப்புறம் பெரிதாக்குவேன். டி20-க்கு 2019-லிருந்து ஐசிசியின் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் சர்வதேசத் தகுதி கிடைத்ததால் அணிப் பட்டியல் ஒரேயடியாக நீண்டுவிட்டது. டெஸ்ட் ஆடும் முழு உறுப்பு நாடுகள் மட்டும் என்ற வடிகட்டியை முதலிலேயே வைப்பேன்.

இப்போது பெண்கள் கிரிக்கெட்டைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். காலவரிசைப் பக்கத்துக்கு அது இல்லாமல் முடியாது: முதல் உலகக் கோப்பை 1973-ல் பெண்களுடையது, ஆண்களுடையது 1975-ல்தான், முதல் சர்வதேச டி20-யும் 2004 ஆகஸ்டில் ஹோவில் இங்கிலாந்து, நியூசிலாந்து பெண்கள் ஆடியது, ஆண்கள் ஆக்லாந்தில் ஆடியது 2005 பிப்ரவரியில். ஒருநாளும் டி20-யும் சேர்ந்துவிட்டன. டெஸ்ட் 1934 டிசம்பரில் பிரிஸ்பேனில் தொடங்குகிறது. ஆண்களுக்கான ஓவர் அட்டவணையை அப்படியே அதற்கு மாட்டிவிடாமல், பந்து நிரலைக் காலியாக விட்டுவைத்திருக்கிறேன். பந்துவீச்சுக் கணக்கைப் பார்த்து ஒவ்வொரு தொடராக நிரப்பிவருகிறேன். அது நிரம்பும்வரை அந்தக் கோடு பக்கத்தில் ஏறாது.